78 நாள் கணக்கு

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் காலையில் இறங்கும் கூட்டம் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்ததும் இரண்டாகப் பிரியும். பெரிய கூட்டம் கழுத்தில் ஐ.டி. கார்டும் தோளில் சாப்பாட்டுப் பையுமாக மெப்ஸ் வாசலைப் பார்த்து ஓடும். சின்னக் கூட்டம் எக்ஸ்ரே கவரைப் பிடித்தபடி நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு மெதுவாக நடக்கும். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கி, 1937-ல் அரசு எடுத்துக்கொண்ட ஆஸ்பத்திரி அது. ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். மெப்ஸ் என்று ஊரே சுருக்கிக் கூப்பிடும் ஏற்றுமதி மண்டலம் 1984-ல் வந்தது. தையல், எலெக்ட்ரானிக்ஸ், மென்பொருள் என்று வரிசையாகக் கம்பெனிகள். வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஏராளம்.

பெரிய கூட்டத்தில் ஓடுகிற ஒருவர் ஒருநாள் சின்னக் கூட்டத்தில் நடக்க நேர்ந்தால் வீட்டு வாடகைக்கு எங்கே போவார்? நிறைமாதத்தில் மெஷின் முன்னால் உட்கார முடியாத பெண்ணுக்குச் சம்பளம் யார் தருவது? விரலை மெஷினில் விட்டவருக்கு?

சட்டம் இதற்கெல்லாம் 1948-லேயே பதில் எழுதிவிட்டது. தொழிலாளர் அரசு ஈட்டுறுதி என்பது தமிழ்ப் பெயர்ப்பலகையில் இருக்கும் பெயர். யாரும் அப்படிச் சொல்வதில்லை. இ.எஸ்.ஐ. என்றால் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்றா சொன்னேன்? ஆஸ்பத்திரி என்று தெரியும். "மாசாமாசம் புடிக்கிறாங்க, போனா மாத்திரைகூட ஒழுங்கா கிடைக்கிறதில்ல" என்ற புலம்பலை எந்த டீக்கடையிலும் கேட்கலாம். அந்தப் பிடித்தம் மாத்திரைக்கு மட்டுமில்லை, படுத்துக்கிடக்கும் நாட்களின் சம்பளத்துக்கும் சேர்த்துத்தான் என்பது டீக்கடை வரை வந்து சேரவில்லை.

சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 18,000 ரூபாய் சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. பிடித்தம் 135 ரூபாய். முக்கால் சதவீதம். கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம், 585 ரூபாய் கட்டும். 2019 ஜூலைக்கு முன்பு இது 1.75, 4.75 என்று இருந்தது. நாள் சராசரிச் சம்பளம் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சலில் படுத்தால் 70 சதவீதம், நாளுக்கு 420 ரூபாய், வருடத்துக்கு 91 நாள் வரை. முதல் இரண்டு நாளுக்கு மட்டும் கிடையாது. வேலையில் அடிபட்டால் 90 சதவீதம், 540 ரூபாய். பிரசவம் என்றால் முழுச் சம்பளம், 26 வாரத்துக்கு. 182 நாளை 600-ஆல் பெருக்கினால் 1,09,200 ரூபாய். மாதம் 135 ரூபாய் கட்டுகிறவருக்கு இவ்வளவு தரும் வேறு எந்த இன்ஷூரன்ஸும் எனக்குத் தெரியவில்லை.

காசநோய்க்குத் தனி ஏற்பாடே உண்டு. நீண்டகால நோய்கள் என்று 34 நோய்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் காசநோயும் ஒன்று. இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து, கடைசி நான்கு அரையாண்டுகளில் 156 நாள் சந்தா கட்டியிருந்தால், அந்த 91 நாள் முடிந்த பிறகும் 80 சதவீதம் கிடைக்கும். இரண்டு வருடம் வரை நீளலாம். காசநோயாளியை சானடோரியத்தில் படுக்கவைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1950-களின் கடைசியில் உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியதே நம் சேத்துப்பட்டில் நடந்த ஆய்வுதான். வீட்டிலிருந்து மருந்து சாப்பிடுகிறவர் வீட்டில் அரிசியும் இருக்க வேண்டும் இல்லையா? அந்த 480 ரூபாய் அதற்குத்தான்.

எந்த ஆறு மாதம்?

பணம் எங்கே நிற்கிறது? பெரும்பாலும் நாள் கணக்கில் நிற்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கம்பெனியின் ஹெச்.ஆர். ஆட்களே குழம்பும் இடம் இது.

இ.எஸ்.ஐ. வருடத்தை இரண்டாக வெட்டுகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம். அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஏப்ரல்-செப்டம்பரில் கட்டியதற்குப் பலன், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர்-மார்ச்சில் கட்டியதற்குப் பலன், அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை. ஒரு சந்தாக் காலத்தில் 78 நாளாவது சம்பளம் வாங்கிச் சந்தா போயிருந்தால்தான், அதற்கு உரிய பலன் காலத்தில் நோய்க்காலப் பணம் கேட்க முடியும்.

நவம்பர் மழையில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தண்ணீர் நின்று ஒருவருக்கு டெங்கு வருகிறது என்று வையுங்கள். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஒருநாள்கூட லீவு போடாமல் வேலை பார்த்தவர். நமக்குக் கண்டிப்பாகக் கிடைக்கும் என்று நம்பிப் போகிறார். ஆனால் நவம்பர் காய்ச்சலுக்கு அலுவலகம் பார்ப்பது போன வருடம் அக்டோபரிலிருந்து இந்த வருடம் மார்ச் வரையிலான கணக்கை. அந்த ஆறு மாதத்தில் அவர் ஊரில் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார், 60 நாள்தான் வேலை பார்த்தார் என்றால், இந்த வருட உழைப்பு இந்தக் காய்ச்சலுக்கு உதவாது. அடுத்த ஜனவரிக்குப் பிறகு வரும் காய்ச்சலுக்குத்தான் உதவும். முதன்முதலாக இ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவர் நோய்க்காலப் பணத்துக்கு ஒன்பது மாதம் காத்திருக்கவும் வேண்டும். டாக்டர், மருந்து மட்டும் முதல் நாளிலிருந்தே உண்டு.

பிரசவத்துக்குக் கணக்கு இளகினது. முந்தைய இரண்டு சந்தாக் காலங்களையும் சேர்த்து 70 நாள் இருந்தால் போதும். பிப்ரவரியில் குழந்தை பிறக்கிறது என்றால், போன ஏப்ரல்-செப்டம்பரையும் அதற்கு முந்தைய அக்டோபர்-மார்ச்சையும் கூட்டிப் பார்ப்பார்கள். கணக்கு சரியாக இருந்தால், பிரசவ நேரத்தில் அந்த வேலையிலேயே இல்லாவிட்டாலும் உரிமை போகாது. ஏஜென்சி ஒப்பந்தம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் எத்தனை பெண்களுக்கு இது தெரியும்?

ஏஜென்சி என்றதும் இன்னொரு சங்கடம் ஞாபகத்துக்கு வருகிறது. இ.எஸ்.ஐ.யில் ஒருவருக்கு ஆயுசுக்கும் ஒரே எண்தான். ஐ.பி. நம்பர் என்பார்கள். கம்பெனி மாறினாலும் அதே எண்ணைத் தொடர வேண்டும். நடப்பது வேறு. கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது ஆள் அவசரத்தில் புது நம்பர் போட்டுவிடுவார். ஒரே பெண்ணின் 90 நாள், இரண்டு நம்பரில் 50-ம் 40-மாகப் பிரிந்து கிடக்கும். எந்த நம்பரிலும் கணக்கு தேறாது. இரண்டையும் இணைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தால் இணைப்பார்கள். ஆனால் எட்டாம் மாத வயிற்றோடு செய்கிற வேலையா அது?

கம்பெனி சந்தாவைக் கட்டாமலே ஏமாற்றிவிட்டால்? தொழிலாளியைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. இ.எஸ்.ஐ. கழகம் பலனைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூல் செய்துகொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று தொழிற்சங்கக்காரர்கள் தலைதலையாய் அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

இரண்டு கவுன்டர்

தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ.க்கு இரண்டு தலை. டிஸ்பென்சரியும் அங்கே இருக்கும் டாக்டரும் மாநில அரசு. பணம் கொடுக்கும் கிளை அலுவலகம் மத்திய அரசின் கழகம். பெரிய ஆஸ்பத்திரிகளிலும் இதே கதைதான்: அயனாவரம் மாநிலத்துடையது, கே.கே.நகர் கழகம் நேரடியாக நடத்துவது. டாக்டர் சான்று கொடுப்பார், பணத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது. கிளை அலுவலகம் பணம் கொடுக்கும், நோயைப் பற்றி அதற்குத் தெரியாது. நடுவில் நடக்கிற கால் நோயாளியுடையது.

சான்றுதான் உயிர். காய்ச்சல் வந்ததும் தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டு ஒரு வாரம் படுத்திருந்துவிட்டு, எட்டாம் நாள் டிஸ்பென்சரிக்குப் போய் "போன வாரத்துக்கு சர்டிஃபிகேட் குடுங்க" என்று நின்றால் டாக்டர் கையை விரிப்பார். பார்க்காத நோயாளிக்கு அவர் எப்படி எழுதுவார்? முதல் நாளே போய் முதல் சான்று வாங்க வேண்டும். நீண்டால் இடைச் சான்று. வேலைக்குத் திரும்பும்போது கடைசிச் சான்று, தொழிலாளர் வாயில் அது ஃபிட் சர்டிஃபிகேட். தனியார் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய அவசரம் என்றால், அங்கே கொடுக்கும் டிஸ்சார்ஜ் காகிதங்களோடு உடனே டிஸ்பென்சரியில் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்த முட்டுக்கட்டை பெயர். இது தமிழர்களுக்கென்றே விதித்த வினை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக நீண்டிருக்கும். பாங்க் பாஸ்புக்கில் ஒற்றை எழுத்து முன்னால் நிற்கும். கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டில் கணவர் பெயர் ஒட்டிக்கொள்ளும். கம்பெனியில் சேரும்போது யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு அடித்திருப்பார். நான்கு காகிதத்தில் நான்கு பெண்கள். கம்ப்யூட்டர் இவர்களை ஒருத்தி என்று ஒப்புக்கொள்ளாது. கல்யாணம் ஆன கையோடு இந்த நான்கையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுவது, சீர்வரிசைப் பட்டியலில் சேர்க்க வேண்டிய வேலை.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. நோய்க்கால, பிரசவகாலப் பணம் வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவரை அந்தக் காரணத்துக்காகக் கம்பெனி வேலையைவிட்டு நீக்க முடியாது. அந்த நாட்களில் கொடுக்கும் நீக்க நோட்டீஸ் செல்லாது.

கட்டைவிரலுக்கு 30

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டை, ஒரகடம் பக்கமெல்லாம் பவர் பிரஸ் மெஷின்கள் ஓடுகின்றன. தகட்டை வைத்துக் கையை எடுப்பதற்குள் மெஷின் இறங்கினால் விரல் போகும். சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு எண் இருக்கிறது. முழுக் கட்டைவிரல் போனால் 30 சதவீதச் சம்பாதிக்கும் திறன் இழப்பு. ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. கசாப்புக் கடைப் பலகை மாதிரி இருக்கிறது என்று முதல்முறை படித்தபோது எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த எண்தான் ஆயுள் முழுக்க மாதாமாதம் பணமாக வரும். 600 ரூபாய்ச் சம்பளக்காரரின் கட்டைவிரல் என்றால் 540 ரூபாயில் 30 சதவீதம், நாளுக்கு 162 ரூபாய், மாதம் ஏறக்குறைய 4,860.

விபத்துக்கு 78 நாள் கணக்கு கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. 2010-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வீட்டுக்கும் வேலைக்கும் இடையில் வழியில் நடக்கும் விபத்தும் வேலை விபத்துதான். ஜி.எஸ்.டி. ரோட்டில் பைக்கில் போகிற எவருக்கும் இதன் அருமை தெரியும். நேரமும் இடமும் வேலையோடு பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

பொருந்தாமல் போவது காகிதத்தில். விபத்து அறிக்கையை முதலாளி 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். பல இடங்களில் சூப்பர்வைசர் அடிபட்டவரைத் தெரிந்த கிளினிக்குக்குக் கூட்டிப்போய்த் தையல் போட்டு, கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து, "ரிப்போர்ட் எல்லாம் வேண்டாம்ப்பா, இன்ஸ்பெக்டர் வருவாரு" என்பார். அப்போதைக்குப் பெரிய மனசாகத் தெரியும். அந்த அறிக்கை இல்லாவிட்டால் இழப்பை அளக்கும் மருத்துவ வாரியமும் இல்லை, மாதப் பணமும் இல்லை. கையில் திணித்த பணத்துக்கு ஒரு விரலை விற்றதாகத்தான் கணக்கு.

இந்த 30 சதவீதத்தை மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் வரும் சதவீதத்தோடு குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. இ.எஸ்.ஐ. வாரியம் அளப்பது சம்பாதிக்கும் திறனை. 2016-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு மருத்துவர் அளப்பது உடலின் குறைபாட்டை. அரசின் முக்கியச் சலுகைகளுக்கு அங்கே 40 சதவீதம் வேண்டும். அட்டையும் இப்போது மூன்று நிறம்: 40-க்குக் கீழே வெள்ளை, 80-க்குக் கீழே மஞ்சள், அதற்கு மேல் நீலம். கடுமையான பாதிப்புள்ளவர்களுக்கு மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர் ஆட்கள் இதற்குப் போக வேண்டியது செங்கல்பட்டுக்கு. 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்துவிட்டது. பழைய காஞ்சிபுரம் முத்திரையை வைத்துக்கொண்டு அலைகிறவர்களை இன்னும் பார்க்கலாம்.

ஒரே தெருவில் நான்கு வீடு

சேலையூரில் ஒரு தெருவை மனதில் வரைந்துகொள்ளுங்கள். முதல் வீட்டில் அரசுப் பள்ளி ஆசிரியை. 2021 ஜூலையிலிருந்து அவருக்கு மகப்பேறு விடுப்பு 12 மாதம், முழுச் சம்பளத்தோடு. இரண்டாவது வீட்டில் மெப்ஸ் தையல்காரப் பெண், 26 வாரம், பணம் இ.எஸ்.ஐ.யிடமிருந்து. மூன்றாவது வீட்டில் ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிப் பெண். சம்பளம் 21,000-ஐத் தாண்டியதால் இ.எஸ்.ஐ. கிடையாது. 26 வாரம் உண்டு, ஆனால் கொடுப்பது கம்பெனி. நான்காவது வீட்டில் இந்த மூன்று வீட்டிலும் பாத்திரம் தேய்க்கிற பெண். அவருக்கு விடுப்பு என்பதே கிடையாது.

மூன்றாவது வீட்டில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. செலவு முழுக்கக் கம்பெனி தலையில் என்பதால், புதிதாகக் கல்யாணமான பெண்ணை இன்டர்வியூவில் பார்த்ததும் மேனேஜர் மனசுக்குள் கணக்குப் போடுவார். மகப்பேற்றுச் செலவைத் தனிப்பட்ட முதலாளி தலையில் சுமத்தக் கூடாது, காப்பீட்டிலிருந்தோ பொதுப் பணத்திலிருந்தோ கொடுக்க வேண்டும் என்று உலகத் தொழிலாளர் அமைப்பின் 1952-ம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா அதில் கையெழுத்துப் போட்டு ஏற்கவில்லை. இந்த விஷயத்தில் இ.எஸ்.ஐ. ஏற்பாடுதான் நியாயமானது. தையல் கம்பெனி முதலாளிக்குப் பத்துப் பெண்கள் பிரசவத்துக்குப் போனாலும் கூடுதல் சம்பளச் செலவு இல்லை.

நான்காவது வீட்டுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. 1987-ல் தொடங்கியது. இப்போது 18,000 ரூபாய். அதில் 14,000 தவணைகளாக பாங்கில் விழும், மீதி 4,000-க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். 19 வயது முடிந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். கர்ப்பம் உறுதியானதுமே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து பிக்மி என்ற பதிவு எண்ணை வாங்கிவிட வேண்டும். நல்ல திட்டம்தான். ஆனால் 26 வாரச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கை கூசுகிறது.

ஆண்கள்? இ.எஸ்.ஐ.யில் ஓர் ஆண் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டால் முழுச் சம்பளத்தோடு ஏழு நாள் உண்டு. அவருக்குக் குழந்தை பிறந்தால் ஒருநாள்கூடக் கிடையாது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றாலும் இதே நிலைதான். பிள்ளை தனக்கு வயிற்றுவலி என்று டாக்டரிடம் பொய் சொல்லிச் சான்று வாங்குகிறான். கலிஃபோர்னியாவில் 2004-லிருந்து குழந்தை பிறந்த அப்பாவுக்கும், நோயாளி அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகனுக்கும் சேர்த்தே சம்பளத்தில் ஒரு பகுதியைத் தருகிறார்கள். இப்போது எட்டு வாரம் வரை. அந்த நிதி முழுக்கத் தொழிலாளிகளின் பிடித்தத்திலிருந்தே வருகிறது. சான் ஹோசேயில் இருக்கிற நம் பிள்ளைகள் அதை வாங்குகிறார்கள். தாம்பரத்தில் இருக்கிற அவர்களுடைய தம்பிகளுக்கு அப்படி ஒரு பேச்சே இல்லை.

21,000 ரூபாய் வரம்பு 2017 ஜனவரியில் வைத்தது. அதற்குப் பிறகு தாம்பரத்தில் வாடகை எங்கே போயிருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. சின்ன இன்கிரிமென்ட் வாங்கி 21,500-ஐத் தொட்டவர், நடப்புச் சந்தாக் காலம் முடிந்ததும் வெளியே போய்விடுகிறார். சம்பளம் 500 கூடியது, வீட்டுக்கே இருந்த மருத்துவமும் நோய்க்காலச் சம்பளமும் போனது. மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பு 25,000. இந்த வரம்புகளை உயர்த்தாமல் வைத்திருப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. 1948 சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. சம்பளம் என்றால் எது என்ற வரையறையும் மாறியிருக்கிறது. அதையே சாக்காக வைத்தாவது வரம்பை உயர்த்தலாம்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இ.எஸ்.ஐ. தளத்திலோ உமங் செயலியிலோ உங்கள் ஐ.பி. எண்ணைப் போட்டு, ஒவ்வொரு அரையாண்டிலும் எத்தனை நாள் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பழைய கம்பெனியின் எண் தனியாகக் கிடந்தால் இணைக்க மனுக் கொடுங்கள். பெயர், ஆதார், பாங்க் கணக்கு மூன்றும் ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். வீட்டில் யாருக்காவது ஏற்கெனவே கிடைக்க வேண்டிய பணம் நின்றிருந்தால், கேட்பதற்கு உரிய நாளிலிருந்து 12 மாத அவகாசம்தான் இருக்கிறது.